லட்சத்துக்கு

ரூவி மேம்பாலம் தாண்டி மூன்றாவது கட்டடம்,
இரண்டாம் தளம், லிஃப்டுக்குப் பக்கத்து அறை.
கதவில் 'பதிவேடு' என்று மட்டும் இருக்கும்.
எதன் பதிவேடு என்று
சுலைமானி கொண்டுவரும் பையன் கேட்டதில்லை.

பதினெட்டு வருஷமாய் இங்கே எண் போடுகிறேன்.
சி எழுபத்தொன்று புள்ளி ஆறு என்றால் சிறுமூளை.
புள்ளி ஏழு, தண்டு.
புள்ளி ஒன்பது என்றால்
எங்கே என்று யாரும் எழுதி அனுப்பவில்லை.
பதினைந்து வயதுக்குக் கீழே என்றால்
மஞ்சள் கோப்பு.

சுவரில் ஒரு கோடு.
தொண்ணூற்றாறில் தரையை ஒட்டிக் கிளம்பி
இரண்டாயிரத்து நான்கில் திடுக்கென்று ஒரு படி ஏறும்.
அந்த வருஷம்தான்
கடலோர ஆஸ்பத்திரிக்கு எம்.ஆர்.ஐ. வந்தது.
கப்பலிலிருந்து பெட்டி இறங்கியதும்
பிள்ளைகளுக்கு நோய் வந்துவிட்டதா,
இல்லை, அதற்கு முன்னால் வந்த பிள்ளைகள்
விடிகாலை வாந்தி, மாறுகண், நடை தள்ளாட்டம் என்று
பேரில்லாமல் போய்ச் சேர்ந்தார்களா?

"பார்க்கிற கண் கூடினால் கோடு ஏறும், நாயகாம்"
என்பார் டாக்டர் நஷ்வா.
என் பெயரின் முன்பாதி அவர் வாயில் நிற்பதில்லை.
கொஞ்சம் கழித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே,
"நோயும் கூடியிருக்கலாம்" என்பார்.
முப்பது வருஷம் போதாதாம். இன்னும் இருபது வேண்டுமாம்.

மேலே உள்ள எண்ணைவிடக்
கீழே வகுக்கும் எண்தான் தொல்லை.
ஊரில் பாதிப் பேர் விசாவில் நிற்கிறவர்கள்.
எண்ணெய் விலை விழுந்த வருஷம்
பள்ளி வேன்கள் காலியாய் ஓடின.
புதிதாய் ஒரு பிள்ளைக்கும் வராமலே
வீதம் ஏறிற்று.

பெனடிக்ட் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
ஏ.சி. டக்ட் போடும் கம்பெனியில் ஃபோர்மேன்.
ரிப்போர்ட் நகலுக்கு வந்தவரை
யாரோ தவறுதலாய் எங்கள் தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.
மகள் ஜெனோவா, ஆறு வயது,
மஞ்சள் கோப்பு, புள்ளி ஆறு.
"இப்பல்லாம் இது ஜாஸ்தியா வருதா சார்?
எங்க பில்டிங் மேல டவர் இருக்கு.
தண்ணியும் டேங்கர் தண்ணி.
மாசமா இருக்கும்போது இவ அம்மா எக்ஸ்ரே ரூமுலதான் வேலை."
ஒவ்வொன்றாய் மேஜைமேல் வைத்தார்,
எதையாவது நான் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

கோட்டைக் காட்டினேன். ஏறியிருக்கிறது என்றேன்.
ஏன் என்று தெரியாது என்றேன்.
டவரைப் பற்றி, தண்ணீரைப் பற்றி,
எக்ஸ்ரே ரூமைப் பற்றி
நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.
"லட்சத்துக்கு ரெண்டு புள்ளி ஒம்பது" என்று
சுவரில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.
"லட்சத்துல ஒருத்தின்னு டீச்சர் சொல்லுவாங்க சார் இவள.
அவ்ளோ வேகமா கணக்குப் போடுவா."

அவர்கள் வேலூருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது.
அன்று சாயங்காலம்
வருஷக் கணக்கை முடிக்க உட்கார்ந்தேன்.
ஆறு மாதம் இங்கே வசித்திருந்தால்தான்
எங்கள் கணக்கில் சேரும், அது விதி.
பாஸ்போர்ட் நகலில் வந்திறங்கிய முத்திரை:
நான்கு மாதம், பதினோரு நாள்.
விரலை விட்டு இன்னொரு தரம் எண்ணினேன்.

ஒரு சாவியை அழுத்தினேன்.
இரண்டு புள்ளி ஒன்பது
இரண்டு புள்ளி எட்டு ஆனது.
அறிக்கையில் அதற்கு ஒரு சொல் உண்டு: 'சற்றே குறைவு'.
ஊருக்குப் போனால் அங்கே எண்ணுவார்கள்
என்றார் நஷ்வா.
எண்ணலாம். நோய் கண்டது மஸ்கட்டில் என்று
அங்கே ஒருவர் ஒதுக்கிவைக்கவும் செய்யலாம்.

செவ்வாய் இரவு பெனடிக்டின் போன்.
பின்னால் விமான அறிவிப்பு,
ஒரு பிள்ளை எதற்கோ அடம்பிடிக்கும் சத்தம்.
"ஒண்ணுமில்ல சார், சும்மாதான்.
சுவத்துல காமிச்சீங்களே, அந்தக் கணக்கு,
அதுல பாப்பாவும் இருக்காளா?"

இருக்கா என்றேன்.

"அப்ப சரி சார். பின்னால யாருக்காவது உதவும்"
என்றார்.
வரிசை நகர்ந்திருக்க வேண்டும்.
பையை இழுக்கும் சத்தம் கேட்டது.